நகரத்தின் கையைக் கட்டும் மாநிலம்

கட்டடத் தொழிலாளிக்குத் தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம். மணிக்கு 10 டாலர் கூலி. வீட்டுக்குப் பக்கத்தில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்ற வாக்கு. அமெரிக்க நகரங்கள் தங்கள் மக்களுக்காகப் போட்ட சட்டங்களை மாநில சட்டமன்றங்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்துவருகின்றன. யாருக்காக?

2023 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியும் அங்கே கட்டட வேலை நிற்பதில்லை. தளம் போடுவதற்குக் கம்பி கட்டுகிறவர் மணிக்கணக்கில் குனிந்தே இருப்பார். மேலே வெயில் அடிக்கும், கீழே கம்பி கொதிக்கும். தாகம் தெரியும்போதே உடம்பு நிறைய நீரை இழந்திருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு வேலை பார்த்தால் தலை சுற்றும், கால் தசை இழுக்கும், பேச்சு குழறும். அதற்குமேல் போனால் உயிருக்கே ஆபத்து. உரிய நேரத்தில் சற்று ஓய்வும் ஒரு குவளைத் தண்ணீரும் கிடைத்தால் இவ்வளவையும் தவிர்க்கலாம்.

அந்த ஓய்வை ஆஸ்டினும் டல்லஸும் சட்டமாகவே எழுதிவைத்திருந்தன. நான்கு மணி நேர வேலைக்குப் பத்து நிமிட ஓய்வு. முதலாளி மறுக்கக் கூடாது. ஆஸ்டின் நகர மன்றம் 2010-லும் டல்லஸ் நகர மன்றம் 2015-லும் இதை நிறைவேற்றின. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் இப்படியொரு விதி கிடையாது. வெப்பத்துக்கென்று தனியான பாதுகாப்பு விதி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் அப்போது இல்லை. அந்தத் தொழிலாளிகளுக்கு இருந்ததெல்லாம் நகரம் கொடுத்த பத்து நிமிடம்தான்.

அந்த ஜூன் மாதத்தில்தான் கவர்னர் கிரெக் அபாட் 2127-ம் எண் மசோதாவில் கையெழுத்திட்டார். 'டெக்சாஸ் ஒழுங்குமுறைச் சீர்மைச் சட்டம்' என்பது அதன் அதிகாரபூர்வப் பெயர். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் 'டெத் ஸ்டார்'. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு கிரகத்தையே பொடியாக்கும் ஆயுதத்தின் பெயர் அது. விவசாயம், வணிகம், நிதி, காப்பீடு, தொழிலாளர் நலன், இயற்கை வளம், தொழில் உரிமம், சொத்து ஆகிய துறைகளில் மாநிலச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய நகரமோ கவுன்டியோ தானாகச் சட்டம் போடக் கூடாது என்கிறது இந்தச் சட்டம். மீறினால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் எந்த நிறுவனமும், எந்த வணிகச் சங்கமும் நகரத்தின் மீது வழக்குப் போடலாம். தண்ணீர் ஓய்வுச் சட்டங்களும் இதில் சிக்கும் என்பது மசோதா விவாதத்தில் இருந்தபோதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் நிறைவேற்றினார்கள்.

ஹூஸ்டன் நகரம் நீதிமன்றம் போனது. சான் அன்டோனியோவும் எல் பாசோவும் சேர்ந்துகொண்டன. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, 2023 ஆகஸ்ட் 30 அன்று, டிராவிஸ் கவுன்டி நீதிபதி மாயா குவேரா கேம்பிள், இது மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மாநிலம் மேல்முறையீடு செய்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. மசோதாவை எழுதிய லபக் தொகுதி உறுப்பினர் டஸ்டின் பர்ரோஸ் அதற்குள் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகியிருந்தார்.

டெக்சாஸைப் பார்த்து ஃப்ளோரிடாவும் இறங்கியது. மயாமி-டேட் கவுன்டி, வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் உறுதி செய்யும் விதியை விவாதித்துக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் கவர்னர் ரான் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டம், உள்ளாட்சிகள் வெப்பப் பாதுகாப்பு விதி எதையுமே போடக் கூடாது என்றது. மாநிலம் தன் பங்குக்கு வேறு விதி கொண்டுவந்ததா என்றால், இல்லை.

இந்த இரண்டு மாநிலங்களோடு முடிகிற கதையில்லை இது. கூலி, துப்பாக்கி, பிளாஸ்டிக் பை, எரிவாயுக் கிணறு, மருத்துவ விடுப்பு என்று கடந்த பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் கைவைத்த பெரிய பிரச்சினைகள் பலவற்றில் மாநில சட்டமன்றம் குறுக்கே வந்து நின்றிருக்கிறது. சட்ட உலகில் இதற்கு 'ப்ரீஎம்ப்ஷன்' என்று பெயர். நகரம் நுழைவதற்கு முன்பே கதவைப் பூட்டிவிடுவது.

டென்டன் போட்ட வாக்கு

டல்லஸுக்கு வடக்கே இரண்டு பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஊர் டென்டன். ஊருக்கு அடியில் இருப்பது பார்னெட் ஷேல் என்ற பாறைப் படுகை. நீர், மணல், ரசாயனம் கலந்த கலவையை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் 'ஃப்ராக்கிங்' முறை பரவியது இந்தப் படுகையிலிருந்துதான். டென்டன் எல்லைக்குள் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள். குடியிருப்பு வேலிக்கு அப்பாலேயே துளையிடும் கோபுரம் எழும்பும். இரவு முழுக்க விளக்கு, இயந்திர இரைச்சல், லாரி நடமாட்டம்.

வீடுகளிலிருந்து 1,200 அடி தள்ளித்தான் கிணறு தோண்டலாம் என்று நகரம் விதி போட்டுப் பார்த்தது. பழைய அனுமதியைக் காட்டி நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட மறுத்தன. மக்கள் கையெழுத்து திரட்டி, முழுத் தடை வேண்டுமா என்ற கேள்வியை வாக்குச்சீட்டுக்கே கொண்டுவந்தார்கள். எதிர்ப்பிரசாரத்தில் எண்ணெய் நிறுவனங்களின் பணம் கொட்டியது. அப்படியும் 2014 நவம்பர் 4 அன்று வாக்களித்தவர்களில் 59 சதவீதம் பேர் தடையை ஆதரித்தார்கள். டெக்சாஸில் ஃப்ராக்கிங்குக்குத் தடை போட்ட முதல் நகரம் டென்டன்.

மறுநாளே வழக்கு வந்தது. போட்டவர்கள் இருவர்: டெக்சாஸ் எண்ணெய்-எரிவாயுச் சங்கமும் மாநில அரசின் நிலத் துறையும். ஒரு தொழில் சங்கமும் அரசாங்கமும் ஒரே நாளில், ஒரே நகரத்தின் மீது. சட்டமன்றம் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 2015 மே 18 அன்று கையெழுத்தான 40-ம் எண் சட்டம், எண்ணெய்-எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டுமே என்றது. போக்குவரத்து, சத்தம், விளக்கு போன்ற, நிலத்துக்கு மேலே நடக்கும் விஷயங்கள் மட்டும் நகரத்துக்கு மிச்சம். அவையும் வணிகரீதியில் நியாயமாக இருக்க வேண்டுமாம். சில நாள்களில் கிணற்று வேலை மீண்டும் தொடங்கியது. வாயிலில் உட்கார்ந்து மறித்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஜூன் மாதம், மக்கள் வாக்களித்துப் போட்ட தடையை நகர மன்றமே தன் கையால் நீக்கியது. வழக்குச் செலவைத் தாங்கும் தெம்பு அந்த ஊருக்கு இல்லை.

இதே கிரெக் அபாட் கவர்னராவதற்கு முன்பு மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். வாஷிங்டன் மீது வழக்குமேல் வழக்குப் போட்டதையே தன் சாதனையாகச் சொல்லிக்கொண்டவர். எங்கள் மாநிலத்துக்கு எது நல்லது என்பது எங்கோ இருக்கும் தலைநகருக்குத் தெரியாது என்பதே அவருடைய வாதம். மாநில சுயாட்சிக்காக நெடுங்காலம் வாதாடிய தமிழ் வாசகருக்கு அந்த வாதத்தின் நியாயம் புரியும். ஆனால் அதையே டென்டன்காரர் ஆஸ்டினில் உள்ள மாநிலத் தலைநகரைப் பார்த்துச் சொன்னபோது அது குற்றமாகிவிட்டது. அதிகாரம் வாஷிங்டனிலிருந்து இறங்கி வர வேண்டும். ஆனால் மாநிலத் தலைநகரத்தோடு நின்றுவிட வேண்டும். இந்தக் கொள்கைக்குச் சுயாட்சி என்று பேர் வைக்க முடியாது.

ஏறிய கூலி இறங்கிய கதை

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம், 1963-ல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஊர். இன்று அதன் மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்; நகர மன்றமும் அப்படியே. அலபாமாவில் மாநிலக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது. நாடு முழுவதற்கும் 2009-ல் நிர்ணயித்த மணிக்கு 7.25 டாலர்தான் அங்கும் கூலி. பர்மிங்ஹாம் நகர மன்றம் 2015-ல் அதை 10.10 டாலராக உயர்த்தத் தீர்மானித்தது.

மாநில சட்டமன்றத்தில் உடனே எதிர்மசோதா தயாரானது. அதைக் கொண்டுவந்தவர், பர்மிங்ஹாமை ஒட்டிய வசதியான வெள்ளையர் புறநகர் மவுன்டன் புரூக்கின் உறுப்பினர். நகரம் அவசரமாகத் தன் உயர்வை முன்னதாகவே அமல்படுத்தியது. 2016 பிப்ரவரி 25 அன்று கவர்னர் ராபர்ட் பென்ட்லி கையெழுத்திட்டார், உயர்வு செல்லாததாகிவிட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள நகரத்தின் முடிவை, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சட்டமன்றம் ரத்து செய்தது இனப் பாகுபாடு என்று வழக்கு நடந்தது. 2018-ல் மூன்று நீதிபதிகளின் அமர்வு வழக்கை ஏற்றது. 2019 டிசம்பரில் முழு அமர்வு, அட்டர்னி ஜெனரல் மீது வழக்குத் தொடுக்க மனுதாரர்களுக்குத் தகுதியில்லை என்று சொல்லி முடித்துவைத்தது. பாகுபாடு நடந்ததா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே நீண்ட வழக்குக்குப் பிறகு 2017 மே மாதம் கூலி 10 டாலராக உயர்ந்தது. தொழிலாளிகள் அந்தச் சம்பளத்தை வாங்கினார்கள். ஆகஸ்ட் 28 அன்று மாநிலத்தின் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டப்படியான கூலி 7.70 டாலருக்கு இறங்கியது. உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர் மூன்று மாதம் வாங்கிய கூலியை அதன்பின் சட்டப்படி கேட்க முடியாது என்ற நிலை.

ஆனால் மிசூரி மக்கள் விடவில்லை. 2018 நவம்பரில் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில், 2023-க்குள் கூலியைப் படிப்படியாக 12 டாலராக உயர்த்தும் முன்மொழிவுக்கு 62 சதவீதம் ஆதரவு கிடைத்தது. மாநிலத்தின் விருப்பம் என்று சொல்லி சட்டமன்றம் செய்ததும், மாநில மக்களைக் கேட்டபோது அவர்கள் சொன்னதும் எதிர் எதிராக இருந்தன.

பெட்டிச் செய்தி: யார், எங்கே?

அமெரிக்காவில் கவர்னர் நேரடித் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். அதிகாரத்தில் நம் முதல்வரைப் போன்றவர். மாநில சட்டமன்றம் பெரும்பாலும் இரண்டு அவைகள் கொண்டது. நகரத்தை நிர்வகிப்பது மேயரும் நகர மன்றமும். நகருக்குள் செல்லும் சட்டங்களை நகர மன்றம் போடும். கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம். அதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு உண்டு. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் 140 நாள் மட்டுமே வழக்கமான கூட்டம் நடத்தும். நகர மன்றங்களோ ஆண்டு முழுவதும் கூடுகின்றன.

நூற்றைம்பது ஆண்டுச் சண்டை

அமெரிக்க அரசியலமைப்பில் நகரம் என்ற பேச்சே இல்லை. கூட்டாட்சிக்கு இன்ன அதிகாரம், மீதி மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்பதோடு அது முடிகிறது. நகரத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சொன்னவர் ஐயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன். கிளின்டன் என்ற ஊர், தன் தெருக்களில் ரயில் பாதை போடுவதைத் தடுக்கப் பார்த்தது. 1868-ல் டில்லன் ரயில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நகரத்தைப் படைத்தது மாநில சட்டமன்றம். படைத்தவர் அழிக்கலாம், அழிக்க முடிகிறவர் கட்டுப்படுத்தவும் செய்யலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னாளில் டில்லன் யூனியன் பசிபிக் ரயில்வேயின் வழக்கறிஞரானார். 'டில்லன் விதி' என்ற பெயரில் அவருடைய கொள்கை இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆட்சி செய்கிறது.

மூன்றே ஆண்டில் அதற்கு மறுப்பும் வந்தது. டெட்ராய்ட் நகரத்தின் பொதுப்பணிக் குழுவுக்கு மிச்சிகன் சட்டமன்றமே ஆட்களை நியமித்தபோது, நீதிபதி தாமஸ் கூலி 1871-ல் அதை ஏற்க மறுத்தார். உள்ளூர் மக்களின் சுயாட்சி மாநிலம் கொடுத்த சலுகையில்லை, மாநிலம் எடுத்துவிட முடியாத உரிமை என்றார் அவர். எனக்குச் சரியாகப் படுவது நீதிபதி தாமஸ் கூலியின் வார்த்தை. அமெரிக்காவின் பழைய குடியேற்றப் பகுதிகள் பலவற்றில் ஊர்க்கூட்டம் முதலில் வந்தது, மாநிலம் பிறகுதான் வந்தது.

ஆனால் டில்லனின் பக்கம்தான் வென்றது. பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரம் ஆற்றுக்கு அப்பால் இருந்த அலெகேனி நகரத்தைத் தன்னோடு இணைக்க விரும்பியது. அலெகேனியில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆனால் இரண்டு ஊர் வாக்கையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது என்று சட்டம் எழுதப்பட்டிருந்தது. பெரிய ஊர் ஜெயித்தது. 1907-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மக்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் நகரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கலைக்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அலெகேனி என்ற நகரம் அதோடு முடிந்தது.

இதற்கு மாற்றாகத்தான் 'ஹோம் ரூல்' வந்தது. 1875-ல் மிசூரி தன் மாநில அரசியலமைப்பிலேயே, பெரிய நகரங்கள் தங்கள் சாசனத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. டெக்சாஸ் 1912-ல் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டில் மாநிலம் தடுக்காத எதையும் நகரம் செய்யலாம். 2023-ன் 'டெத் ஸ்டார்' சட்டம் இந்த வாசகத்தைத் தலைகீழாக்கிவிட்டது. மாநிலம் அனுமதிக்காத எதையும் நகரம் செய்யக் கூடாது. 111 ஆண்டு கழித்து டில்லன் பின்வாசல் வழியாக டெக்சாஸுக்குத் திரும்பியிருக்கிறார்.

புகையிலை காட்டிய வழி

நகரங்களைத் தடுக்கும் இந்த மாநிலச் சட்டங்களின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிய, புகையிலைக் கம்பெனிகளின் கதையைப் பார்க்க வேண்டும். 1980-களில் அமெரிக்க நகரங்கள் உணவகங்களிலும் அலுவலகங்களிலும் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. மேரிலாந்தில் மாநில செனட்டராக இருந்து, பிறகு புகையிலைத் தொழிலுக்கு லாபி செய்தவர் விக்டர் கிராஃபோர்ட். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அவர் மனம் திறந்தார். உள்ளூர் மட்டத்தில் எங்களால் ஜெயிக்கவே முடியாது. ஊருக்கு ஊர் சுகாதார ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அத்தனை ஊரிலும் எங்களால் நிற்க முடியாது. அதனால் நகரங்களைத் தடுக்கும் சட்டத்தை மாநில அளவில் வாங்குவதே எங்கள் முதல் வேலையாக இருந்தது என்பது அவர் சொன்னதன் பொருள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

அந்த வழியைப் பிற தொழில்களும் கற்றுக்கொண்டன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2014-ல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரி போட்டது. மற்ற ஊர்களும் தொடர்ந்தன. குளிர்பானக் கம்பெனிகள் 2018-ல் ஒரு வாக்கெடுப்பு முன்மொழிவைக் கொண்டுவந்தன. அது ஜெயித்திருந்தால், எந்த உள்ளூர் வரியை உயர்த்தவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டிருக்கும். அதை விலக்கிக்கொள்வதற்குப் பதிலாகக் கம்பெனிகள் கேட்டது வேறொன்று. சட்டமன்றம் கொடுத்தது. 2031 வரை புதிய குளிர்பான வரி எந்த ஊரிலும் கூடாது என்ற சட்டத்தில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். நியூயார்க் நகரம் பிளாஸ்டிக் பைக்கு விதித்த ஐந்து சென்ட் கட்டணத்தை 2017-ல் நிறுத்திய அப்போதைய நியூயார்க் மாநில கவர்னர் ஆண்ட்ரூ குவோமோவும் அதே கட்சிதான்.

குடியரசுக் கட்சி சட்டமன்றங்களில் இந்த நோய் மிக அதிகம் என்பது உண்மை. மாநிலத்தின் பெருநகரங்கள் ஜனநாயகக் கட்சியின் கையிலும், தொகுதி எல்லைகளைச் சாதகமாக வரைந்துகொண்ட சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கையிலும் இருந்தால் மோதல் நிச்சயம். அதே வேளையில் பணத்துக்குக் கட்சி கிடையாது. நூறு நகர மன்றங்களில் தனித்தனியாகப் போராடுவதைவிட ஒரு தலைநகரத்தில் சில கதவுகளைத் தட்டுவது கம்பெனிகளுக்குச் சுலபம். நகரத்தில் எதிர்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். தலைநகரத்தில் அவர் குரல் கேட்காது.

தடுப்பது போதாதென்று தண்டனை

இப்போது சில மாநிலங்கள் நகரச் சட்டத்தை ரத்து செய்வதோடு நிற்பதில்லை. ஃப்ளோரிடாவில் 2011-லிருந்து, துப்பாக்கி பற்றி உள்ளூர் விதி போடும் மேயருக்கும் உறுப்பினருக்கும் 5,000 டாலர் வரை அபராதம். கட்ட வேண்டியது சொந்தப் பணத்தில். கவர்னர் பதவியைவிட்டே நீக்கலாம். 2018 பிப்ரவரியில் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சுற்றுவட்டார நகரங்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தன. அபராதத்துக்கு அஞ்சிக் கைகட்டி நின்றன. அந்தத் தண்டனைப் பிரிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனை செல்லும் என்றே சொன்னது. அரிசோனாவில் 2016-ல் வந்த சட்டப்படி, ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர் புகார் கொடுத்தால் போதும். அட்டர்னி ஜெனரல் விசாரிப்பார். மீறல் உறுதியானால் நகரத்துக்கு வர வேண்டிய மாநில வரிப் பங்கு நின்றுபோகும். பறிமுதல் செய்த துப்பாக்கிகளை அழித்துவந்த டூசான் நகரம் இந்தச் சட்டத்தின் முன் பணிய நேர்ந்தது.

வட கரோலினாவின் ஷார்லட் நகரம் திருநர்களுக்கும் தற்பாலினத்தவருக்கும் எதிரான பாகுபாட்டைத் தடுக்க 2016 பிப்ரவரியில் சட்டம் போட்டது. மார்ச் 23 அன்று மாநில சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடியது. மசோதா வந்தது, இரு அவையிலும் நிறைவேறியது, கவர்னர் பேட் மெக்ரோரி கையெழுத்திட்டார். எல்லாம் ஒரே நாளில். கழிப்பறைச் சண்டையாகவே உலகம் அதைப் பார்த்தது. அதே சட்டத்தின் உள்ளே, நகரங்கள் தனியார் தொழிலில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்ற பிரிவும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. மாநிலம் இதற்குக் கனத்த விலை கொடுத்தது. பேபால் நிறுவனம் 400 பேருக்கு வேலை தரும் திட்டத்தைக் கைவிட்டது, என்.பி.ஏ. தன் ஆல்ஸ்டார் கூடைப்பந்து ஆட்டத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றியது. மெக்ரோரி அந்த நவம்பரில் தோற்றார். 2017-ல் சட்டம் திரும்பப் பெறப்பட்டபோதும், 2020 டிசம்பர் வரை நகரங்கள் புதிய பாகுபாட்டுத் தடைச் சட்டம் போடக் கூடாது என்ற பூட்டு மட்டும் தொடர்ந்தது.

மாநிலத்தின் நியாயம் எது வரை?

மாநிலங்களின் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி விதி போட்டால் ஐந்து ஊரில் கடை வைத்திருப்பவர் ஐந்து விதமாக நடக்க வேண்டும். டெக்சாஸின் சட்டத்துக்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம் இதுதான்.

நகரம் எப்போதும் நல்லதே செய்யும் என்றும் சொல்ல முடியாது. 1910-ல் பால்டிமோர் நகரம், கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டது. வேறு நகரங்களும் தொடர்ந்தன; லூயிவில் நகரத்தின் அப்படிப்பட்ட சட்டத்தை 1917-ல் உச்ச நீதிமன்றம்தான் அடித்து வீழ்த்தியது. இன்றும் வசதியான புறநகர்கள் பெரிய மனையில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று விதி வைத்து, வாடகைக் குடும்பங்களை வெளியே நிறுத்துகின்றன. அதை உடைக்கவே ஓரெகன் 2019-ல், பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் தனி வீட்டு மனையில் இரட்டை வீடு கட்ட அனுமதிக்க வேண்டும் என்றது. கலிஃபோர்னியா 2021-ல் அதே திசையில் போனது. இவையும் மாநிலம் நகரத்தின் கையைத் தடுத்த சட்டங்கள்தான். இவற்றை நான் வரவேற்கிறேன்.

அப்படியென்றால் எல்லைக்கோடு எங்கே? என் பதில் இது: மாநிலம் தரை போடலாம், கூரையைத் தலையில் இறக்கக் கூடாது. மக்களுக்கு இதற்குக் கீழே பாதுகாப்பு குறையக் கூடாது என்று மாநிலம் சொன்னால் அது தரை. ஓரெகன் செய்தது அது. யாரையும் வெளியே தள்ளாதே என்று ஊருக்குச் சொன்னது. இதற்கு மேல் பாதுகாப்பு கொடுக்கக் கூடாது என்றால் அது கூரை. அலபாமாவும் மிசூரியும் செய்தது அது. டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் வெயில் விஷயத்தில் செய்தது அதைவிட மோசம். தரையே போடாமல் கூரையை மட்டும் இறக்கின.

சீர்மை வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற மாநிலம் என்ன செய்யும்? மாநிலம் முழுவதற்கும் ஒரே தண்ணீர் ஓய்வு விதியை எழுதும். கடைக்காரருக்கும் குழப்பமில்லை, தொழிலாளிக்கும் உயிர்ப் பயமில்லை. நியூயார்க்கில் அது நடந்தது. நகரத்தின் பைக் கட்டணத்தைத் தடுத்த அதே மாநிலம், 2019-ல் பிளாஸ்டிக் பைகளுக்கே மாநிலத் தடையை நிறைவேற்றி 2020-ல் அமலாக்கியது. டெக்சாஸில் லரேடோ நகரத்தின் பைத் தடையை 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று ஒருமனதாக ரத்து செய்தது. அந்த இடத்தை நிரப்ப மாநிலம் எதையும் கொண்டுவரவில்லை. வெறும் தடையைப் போட்டுவிட்டுச் சீர்மை என்று பேசினால், அந்தச் சீர்மை யாருக்காக என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

திருப்பிக் கொடுத்த கொலராடோ

இது மாற்ற முடியாத விதி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கொலராடோவின் லாங்மான்ட் நகர மக்கள் 2012-ல், டென்டனுக்கு இரண்டு ஆண்டு முன்பே, ஃப்ராக்கிங்கைத் தடை செய்து வாக்களித்தார்கள். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதுவரை டென்டனின் கதையேதான். ஆனால் அங்கே மக்கள் சட்டமன்றத் தேர்தலில் இதை ஒரு பிரச்சினையாக்கினார்கள். 2019 ஏப்ரலில் கவர்னர் ஜாரட் போலிஸ் கையெழுத்திட்ட சட்டம், கிணறு எங்கே தோண்டலாம், எப்படித் தோண்டலாம் என்று தீர்மானிப்பதில் உள்ளாட்சிகளுக்கு உண்மையான அதிகாரம் கொடுத்தது. அதே ஆண்டு உள்ளூர்க் கூலிச் சட்டத்துக்கு இருந்த மாநிலத் தடையும் நீங்கியது. 2020 தொடக்கத்தில் டென்வர் தன் கூலியை 12.85 டாலராக்கியது.

போல்டர் நகரத்தின் தாக்குதல் துப்பாக்கித் தடையை 2021 மார்ச் 12 அன்று ஒரு நீதிபதி, மாநிலச் சட்டத்தைக் காட்டி ரத்து செய்தார். பத்து நாள் கழித்து அதே ஊரின் மளிகைக் கடையில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தடை இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் தன் மக்களைக் காப்பாற்ற முயலும் உரிமைகூட ஓர் ஊருக்கு வேண்டாமா என்ற கேள்வியிலிருந்து கொலராடோ சட்டமன்றம் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்தக் கோடையிலேயே, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான துப்பாக்கி விதிகளை ஊர்களே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

கொலராடோ பிரிந்து போய்விடவில்லை. ஊருக்கு ஊர் விதி மாறியதால் வணிகம் ஸ்தம்பித்துவிடவுமில்லை. மாநிலம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை ஊர்களுக்குக் கொடுத்தது, அவ்வளவுதான் நடந்தது. மிசூரி மக்கள் வாக்குச்சீட்டால் செய்ததையும் கொலராடோ சட்டமன்றம் செய்ததையும் மற்ற மாநிலங்களும் செய்ய முடியும். ஒவ்வொரு மாநில அரசியலமைப்பிலும் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: மாநிலம் கொடுக்கும் பாதுகாப்புக்குக் கீழே நகரம் போகக் கூடாது, மேலே போவதை மாநிலம் தடுக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் பர்மிங்ஹாமின் 10.10 டாலரும் டல்லஸின் பத்து நிமிடமும் பிழைத்திருக்கும். அதை எழுதவைக்கும் வேலையை நீதிமன்றத்திடம் விட்டுப் பயனில்லை. ஊருக்காக நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்கிறவர்கள், அதே ஊருக்காக மாநிலத் தேர்தலிலும் வாக்களிக்க வேண்டும்.